கைப்பக்குவம் சரி, தெர்மாமீட்டரும் வேணும்!



மகள் பிரசவத்துக்கு, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள என்று அமெரிக்கா போய் வரும் அம்மாக்கள் நம் வாசகியரில் நிறையப் பேர். நவம்பரில் அங்கே இருந்தால் வான்கோழியைப் பார்க்காமல் ஊர் திரும்ப முடியாது. நவம்பரின் நான்காவது வியாழக்கிழமை அங்கே 'தேங்க்ஸ்கிவிங்', அதாவது நன்றி கூறும் நாள். 1941-ல் சட்டம் போட்டே இந்த வியாழனை நிச்சயித்தார்கள். அன்று பெரும்பாலான வீடுகளில் வான்கோழிதான். சின்னக் குடும்பத்துக்கு முழுப் பறவை அதிகம். அதனால் நெஞ்சுக்கறியை மட்டும் வாங்கி, கொல்லைப்புறத்தில் ஸ்மோக்கர் அடுப்பு வைத்து மரப்புகையில் வேகவிடுகிறார்கள். அங்கே இருக்கிற நம்ம பிள்ளைகளும் இதைப் பழகிக்கொண்டார்கள்.

"அம்மா, மசாலா நீங்க தடவுங்க" என்று பிள்ளை கேட்டால் தாராளமாகத் தடவலாம். கிலோவுக்கு 15 கிராம் உப்பு, அதோடு மிளகு, சீரகம், பூண்டுத்தூள், கொஞ்சம் மிளகாய்த்தூள். முதல் நாள் இரவே தடவி பிரிட்ஜில் வைத்தால் உப்பு உள்ளே இறங்கி, கறி வறளாமல் இருக்கும். கடைக்காரர்களே உப்புத் தண்ணீர் ஏற்றி விற்பதும் உண்டு. உறையில் அப்படிப் போட்டிருந்தால் உப்பைக் குறைத்துவிடுங்கள். உறைந்த கறியை வெளியே வைத்து இளக்கக் கூடாது. பிரிட்ஜுக்குள்ளேயே இளகட்டும். இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் பிடிக்கும். புகைக்கு ஆப்பிள், செர்ரி, ஹிக்கரி மரத்துண்டுகள் நல்லது. பைன் மரமும் பெயின்ட் அடித்த பலகையும் ஆகவே ஆகாது. அடுப்பு 225-லிருந்து 300 டிகிரி பாரன்ஹீட்டுக்குள் இருக்க வேண்டும். மழை, குளிர் என்று அடுப்பை வீட்டுக்குள்ளோ கார் ஷெட்டிலோ வைத்துவிடாதீர்கள். கரிப்புகை ஆளையே கொல்லும்.

இதுவரை சரி. மாமியார் மருமகளுக்குள் பேச்சு வருவது இதற்குப் பிறகுதான்.

கோழி என்றால் மஞ்சள் போட்டு நாலு தண்ணீர் அலசுவது நம்ம வழக்கம். அந்த நாட்டு விவசாயத்துறையோ பச்சைக் கறியைக் கழுவாதீர்கள் என்கிறது. கழுவும்போது தெறிக்கிற தண்ணீரில் கிருமிகள் தொட்டி, மேடை, பக்கத்தில் இருக்கும் காய்கறி என்று எங்கும் பரவும். கிருமியைக் கொல்வது சூடுதான், தண்ணீர் அல்ல.

அடுத்தது நிறம். "உள்ளே இன்னும் சிவப்பா இருக்கே, வேகலை" என்போம். புகையில் உள்ள வாயுக்கள் கறியின் நிறப்பொருளோடு சேர்ந்து, நன்றாக வெந்த பிறகும் ஓரத்தை இளஞ்சிவப்பாகவே வைத்திருக்கும். இதற்கு நேர்மாறாக, மேலே பொன்னிறமாகி வாசனை தூக்கினாலும் எலும்போரம் வேகாமல் இருக்கலாம். குழம்பு கொதிப்பதைக் கண்ணால் பார்க்கலாம். இந்த மெதுவான சூட்டில் கண்ணும் மூக்கும் உதவாது. கறியில் குத்தும் தெர்மாமீட்டரை எலும்பில் படாமல், தடிமனான இடத்தில் செருகிப் பாருங்கள். 165 டிகிரி பாரன்ஹீட், அதாவது 74 டிகிரி சென்டிகிரேட் காட்ட வேண்டும். இரண்டரை கிலோ கறிக்கு மூன்று மணி நேரம்கூட ஆகலாம். கடிகாரத்தை நம்பாதீர்கள்.

இறக்கியதும் கால் மணி நேரம் ஆறவிட்டு நறுக்குங்கள். மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்து, மூன்று நான்கு நாளில் தீர்த்துவிடுங்கள்.

சரியாக வேகாத கோழிக்கறியில் இருக்கும் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வயதானவர்களையும்தான் அதிகம் வாட்டும். நாம் அங்கே போவதே இவர்களைக் கவனித்துக்கொள்ளத்தானே? ஆகவே மாமியார்களே, தெர்மாமீட்டரும் கையுமாக நிற்கும் மருமகளைப் பார்த்து "இவளுக்குச் சமைக்கவே தெரியலை" என்று சொல்லிவிடாதீர்கள். மருமகள்களே, நீங்களும் "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது அத்தை" என்று வெடுக்கென்று பேசாமல், அந்த எண்ணை அவர்களிடம் காட்டி விளக்குங்கள். ருசிக்கு மாமியாரின் கைப்பக்குவம், பத்திரத்துக்கு மருமகளின் தெர்மாமீட்டர். இரண்டும் ஒரே அடுப்படியில் இருக்க இடமுண்டு.

உங்கள் வீட்டில் எப்படி? எழுதுங்கள்.