பெட்டியில் எச்.டி.ஆர்., திரையில் எங்கே?

தலைப்பில் உள்ள விடயம் செய்திக்குள் இல்லாவிட்டால் அச்செய்தியைத் திருப்பி அனுப்புவதே பத்திரிகை மேசையில் நான் பழகிய வழக்கம். தொலைக்காட்சி வியாபாரத்துக்கு அத்தகைய மேசை எதுவும் இல்லைப் போலும். பெட்டியின் முகப்பில் எச்.டி.ஆர். என்று கொட்டை எழுத்தில் தலைப்பு; உள்ளே அதற்குரிய செய்தியைக் காணோம்.

எச்.டி.ஆர். என்பதை ‘உயர் ஒளிவீச்சு’ எனலாம். நண்பகல் வானத்தின் கண்கூசும் வெளிச்சமும் நிழலின் ஆழ்ந்த இருளும் ஒரே காட்சியில் விபரம் கெடாமல் தெரிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். திரையின் ஒளிர்வை அளக்கும் அலகு நிட். பழைய முறையில் ஏறத்தாழ 100 நிட்டை மனதிற்கொண்டே படங்கள் செப்பனிடப்பட்டன. 2014 இல் நியமமாக்கப்பட்ட பி.கியூ. முறை 10,000 நிட் வரை இடமளிக்கிறது. அருமையான தொழில்நுட்பம்தான். எனது வழக்கு அதன்மீதல்ல. அந்தப் பெயரை மலினப்படுத்துவோர் மீது.

2015 ஆகஸ்டில் அமெரிக்க நுகர்வோர் இலத்திரனியல் சங்கம் ‘எச்.டி.ஆர். இணக்கமான’ திரைக்கு ஒரு வரைவிலக்கணம் வகுத்தது. சமிக்ஞையைப் பெற வேண்டும், அதனை முறைப்படி கையாள வேண்டும் என்கிறது அது. எவ்வளவு ஒளிர வேண்டும் என்பதற்கு ஓர் எண்தானும் அதில் இல்லை! இசைக்குறிப்பை வாசிக்கத் தெரிந்தவரெல்லாம் பாடகராகிவிட முடியுமா?

எல்.ஈ.டி. தொலைக்காட்சி என விற்கப்படுவனவற்றில் மிகப் பெரும்பாலானவை எல்.சி.டி. திரைகளே. பின்னிருந்து ஒளியூட்டுவது மாத்திரமே எல்.ஈ.டி. அந்த ஒளியை எல்.சி.டி. முற்றாகத் தடுப்பதில்லை, ஆகவே கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது. பின்னொளியை நூற்றுக்கணக்கான பகுதிகளாகப் பிரித்து, தேவையான இடத்தில் மட்டும் கூட்டிக் குறைப்பதே இதற்குப் பரிகாரம். மலிவான பெட்டிகள் பலவற்றில் இவ்வசதி இல்லை. நிலவை ஒளிரச் செய்தால் இரவும் சேர்ந்து வெளுத்துவிடும்.

விளைவு விசித்திரமானது. சாதாரணப் படத்தின் ஒளிர்வை நாம் விரும்பியபடி கூட்டிப் பார்க்கிறோம். பி.கியூ. முறையிலோ ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய ஒளிர்வு முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. 1,000 நிட் வரை எழுதப்பட்டதை 300 நிட் திரை தன் எல்லைக்குள் அமுக்கித் திணிக்கும்போது, சாதாரணப் படத்தைவிட எச்.டி.ஆர். படம் மங்கலாகத் தெரிவதுண்டு. கூடுதல் வெளிச்சத்துக்குக் காசு கொடுத்தவர் இருட்டை வாங்கி வருகிறார்!

“சமிக்ஞையை ஏற்கும் என்றுதானே சொன்னோம்” என்று வியாபாரிகள் வாதிடலாம். சட்டத்துக்கு அது போதுமானதாக இருக்கலாம்; நேர்மைக்குப் போதாது. எண்களால் வரையறுக்க முடியாத விடயமும் அல்ல இது. 2016 இல் யூ.எச்.டி. கூட்டமைப்பு தனது உயர்தர முத்திரைக்கு, 1,000 நிட் உச்ச ஒளிர்வும் 0.05 நிட்டுக்கு மேற்படாத கறுப்பும், அல்லது 540 நிட் உச்சமும் 0.0005 நிட்டுக்கு மேற்படாத கறுப்பும் வேண்டும் என்றது. கணனித் திரைகளுக்கு வெசா அமைப்பு 2017 இல் கொண்டுவந்த முத்திரைகள் 400, 600, 1000 என எண்ணைப் பெயரிலேயே சுமந்தன. அதன் அடிமட்டப் படி மிகத் தளர்வானது என்பது உண்மையே. ஆயினும் 400 என்று வெளிப்படையாகச் சொல்லும் நாணயமாவது அதற்கு இருந்தது.

ஆகவே எனது கோரிக்கை எளிமையானது. உச்ச ஒளிர்வு, முழுத்திரையும் வெண்மையாகும்போது நிலைத்து நிற்கும் ஒளிர்வு, பின்னொளிப் பகுதிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் பெட்டியின் மீது அச்சிடுங்கள். எந்த நாட்டில் வாங்கினாலும், வாசகர்களே, இம்மூன்று எண்களையும் கேளுங்கள். விற்பனையாளர் மழுப்பினால், எச்.டி.ஆர். என்ற சொல்லுக்காக ஒரு சதமும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அட்டைப்பெட்டியில் அச்சான ஒளி கண்ணுக்கு உதவாது.