ஏழு பேருக்கு ஒரு லென்ஸ்

இறக்காமம் குளக்கட்டில் பின்னேரம் கெமராவோடு நிற்கிற பொடியன்மாரிடம் முதலில் வருகிற கேள்வி இதுதான்: "மச்சான், உன்ட லென்ஸ் எத்தின எம்.எம்.?" படம் எப்பிடி வந்திச்சு என்கிறது அதுக்குப் பிறகுதான். 250 வச்சிருக்கிறவனுக்கு 300 வேணும், 300 வச்சிருக்கிறவனுக்கு 600 வேணும். உம்மாட நகை அடகுக்குப் போகுது, கட்டாரில் இருக்கிற காக்காவுக்கு வொய்ஸ் மெசேஜ் போகுது, தவணைக்கு மாதாமாதம் சல்லி கழியுது. விலை கூடின டெலிபோட்டோ லென்ஸ் எல்லாம் ஏமாத்து என்று நான் சொல்ல வரவில்லை. அதில் முதல் படி காசுக்குப் பெறுமதியானது. அதுக்கு மேலே தனியாளாக, கடன்பட்டு ஏறுவதுதான் பிழை.

முதல் படி எது? கெனன் 75-300 என்கிற மலிவு லென்ஸைப் பலபேர் கெமராவோடு சேர்த்தே வாங்கியிருப்பீங்க. அதில் கை நடுக்கத்தைத் தடுக்கிற வசதி இல்லை. 2013ல் வந்த கெனன் 55-250 எஸ்.டி.எம். லென்ஸில் அது இருக்கு. வந்த நேரம் விலை 350 டொலருக்குக் கிட்ட. இதுக்கு மாறினால் கணக்கில் 50 மில்லிமீட்டர் குறையும், படத்தின் கூர்மை கூடும். நல்ல மாற்றம் என்பது எண் கூடுவது மட்டுமில்லை என்று விளங்க இந்த ஒரு உதாரணம் போதும்.

அடுத்த படி 150-600. சிக்மாட 'கன்டெம்பரரி' 2015ல் 1,089 டொலருக்கு வந்தது. பாரம் கிட்டத்தட்ட 2 கிலோ. இது தேவையா என்கிறது நீ எதைப் படம் பிடிக்கிறாய் என்பதைப் பொறுத்தது. சின்னதொரு கணக்குப் போடுவோம். வெண்மார்பு மீன்கொத்தி ஏறக்குறைய 28 சென்டிமீட்டர் நீளம். அது 20 மீட்டர் தூரத்தில் இருந்தால், சாதாரண கெனன் கெமராவில் 250 மி.மீ. லென்ஸ் வழியாக ஃப்ரேமின் உயரத்தில் கால்வாசிகூட வராது. 600ல் பாதிக்கு மேலே வரும். இந்த வித்தியாசத்தை நான் மறுக்கேல்ல. ஆனால் 2.5 மீட்டர் உயரமான யானை 50 மீட்டர் தூரத்தில் நின்றால், அதே 250 லென்ஸில் ஃப்ரேமின் ஆறில் ஐந்து பங்கை நிரப்பிடும். 600 போட்டால் யானை முழுசாகவே அடங்காது. 500ல் இருந்து 600க்கு மாறுகிறவனுக்குக் கிடைப்பது 1.2 மடங்குதான். 24 மீட்டரில் இருக்கிற பறவைக்கு 4 மீட்டர் கிட்டப் போவதும் அதுவும் ஒன்று.

அதுக்கும் மேலே ஒரு படி இருக்கு. 2018ல் வந்த கெனன் 600 எஃப் 4, மூன்றாவது பதிப்பு. வந்த நேரம் விலை 12,999 டொலர். சிக்மா 600ல் எஃப் 6.3 வரைதான் திறக்கும். ஆகவே கெனன் உள்ளே எடுக்கிற வெளிச்சம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அந்த வெளிச்சம் எப்ப தேவை? சுபஹ் தொழுதுட்டு வந்து நிற்கிற நேரத்தில் இருந்து பொழுது நல்லாக் கிளம்பும் வரைக்கும். திரும்ப மஃரிபுக்கு முன்னால் கொஞ்ச நேரம். காலை எட்டு மணி வெயிலில் அந்த மேலதிக வெளிச்சத்துக்குப் பெரிய வேலை இல்லை. லுஹர் நேரத்தில் குளத்துக்கு மேலே கானல் ஆடத் தொடங்கினால் 13,000 டொலர் லென்ஸும் ஆடுகிற காற்றைத்தான் படம் பிடிக்கும்.

கொம்பனிகள் விற்கிற 'புதுசு' எல்லாம் புதுசுமில்லை. கெனன் 70-200 எஃப் 2.8ன் இரண்டாம் பதிப்பு 2010ல் வந்தது, மூன்றாம் பதிப்பு 2018ல். இரண்டிலும் கண்ணாடி அமைப்பு ஒன்றுதான். மாறினது கண்ணாடி மேல் பூச்சும் வெளிநிறமும். இரண்டாவதை விற்று மூன்றாவதை வாங்கினவன் எதுக்குக் காசு கட்டினான்?

இப்ப நம்மட நாட்டுக் கணக்கு. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதம் 360ஐத் தொட்டது. அந்த 1,089 டொலர் லென்ஸ், வரி கூலி எதுவும் சேர்க்காமலே, 218,000 ரூபாவில் இருந்து 392,000க்கு ஏறிட்டு. லென்ஸ் அதேதான், ஒரு மில்லிமீட்டர்கூட நீளவில்லை. வெளிநாட்டு யூடியூப்காரன் "கட்டாயம் வாங்குங்க" என்று சொல்லும்போது அவன்ட சம்பளம் டொலரில் என்பதை நினைவில் வச்சுக் கேளுங்க.

எதிர்வாதங்களுக்கும் வாறேன். கலியாண வீடும் மெச்சும் பிடித்துச் சம்பாதிக்கிறவருக்கு எஃப் 2.8 லென்ஸ் தொழில் ஆயுதம். அது உழைத்துத் தன் விலையைத் தரும். அவரோடு எனக்கு வழக்கில்லை. இரண்டாவது வாதம் பலமானது: லென்ஸ் சின்னதாக இருந்தால் பறவைக்குக் கிட்டப் போகவேணும், கூட்டில் இருக்கிற பறவை எழும்பிடும். உண்மைதான். குமண வில்லில் பறவைகள் கூடு கட்டுகிற மாதங்களில் கிட்டப் போகிறதே பாவம். ஆனால் 600 வாங்கினவன் தூரத்தில் நிற்கிறானா? இறகு இறகாகத் தெரியவேணும் என்று அவனும் கிட்டத்தான் போகிறான். தூரம் காக்கிறது மனிசன்ட ஒழுக்கம், அதைக் கடையில் வாங்க ஏலாது. குளக்கட்டில் ஒரே இடத்தில், தாழ்வாக, அசையாமல் ஒரு மணித்தியாலம் இருந்து பாருங்க. கொக்கும் நீர்க்காகமும் தானாகவே கிட்ட வரும்.

தமிழ் எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912-1996) இந்தியாவின் பெரிய காட்டுயிர்ப் படப்பிடிப்பாளர்களில் ஒருவர். 1970ல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் பாவித்த கெமரா ஒரு கம்பனியின் உடலும் இன்னொன்றின் லென்ஸும் சேர்த்துத் தானே பொருத்திக்கொண்ட ஒட்டுவேலை. அதுக்கு 'சூப்பர் பொண்டரோசா' என்று பகிடியாகப் பேரும் வச்சிருந்தார். அதை வச்சுக் கறுப்பு வெள்ளையில் அவர் பிடித்த யானைகளை இன்றைக்கும் பார்க்கிறோம்.

நம்மட மாவட்டத்திலேயே பாருங்க. ஒலுவில், பள்ளக்காட்டுப் பக்கக் குப்பை மேட்டில் யானைகள் பொலித்தீன் கிளறித் தின்கிற படங்கள் 2020லும் 2022லும் உலகம் முழுக்கப் போச்சு. எட்டு வருடத்தில் 20 யானை அளவில் அங்கே செத்திருக்கு என்று 2022 ஜனவரியில் செய்தி வந்தது. அந்தப் படங்களின் பாரம் லென்ஸில் இருந்து வரவில்லை. அதே யானைகளுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறது நாம. எம்.எம். விசாரிக்கிற நேரத்தில் நம்மில் எத்தனை பேர் அங்கே கெமராவைத் திருப்பினோம்?

சரி, மீன்கொத்திக்கு 600 வேணும்தானே? வேணும். வாங்குவோம், ஆனால் கூட்டாக. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஏழு பேர் பங்கு போட்டு ஒரு மாடு குர்பான் குடுக்கிற ஊர் இது. ஏழு பேர் பங்கு போட்டு ஒரு லென்ஸ் வாங்க ஏலாதா? டொலரை 300 ரூபா என்று வச்சால், வரிக்கு முதல் ஒருத்தருக்கு 46,700 ரூபா அளவில் வரும். செக்கண்ட் ஹேண்ட் என்றால் இன்னும் குறையும், ஆனால் டோர்ச் அடித்து உள்ளே பூஞ்சணம் இருக்கா என்று பார்த்து வாங்கவேணும். நம்மட கரையோர ஈரக் காற்றில், அலுமாரிக்குள் பூட்டி வச்ச லென்ஸில்தான் பூஞ்சணம் பிடிக்கும். ஏழு கை மாறி வெளியே போய்வருகிற லென்ஸுக்கு அந்தப் பயம் குறைவு. வீட்டில் இருக்கிற நாளில் மூடி இறுகின டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் போட்டு வைங்க.

உடைஞ்சா ஆர் பொறுப்பு, கலியாண ஓடருக்குக் கேட்டால் குடுக்கிறதா, ஒருத்தன் வெளிநாடு போனால் அவன்ட பங்கு என்னாகும்? எல்லாத்தையும் வாங்க முதலே ஒரு தாளில் எழுதி ஏழு பேரும் ஒப்பம் வைங்க. ஒக்டோபரில் வலசைப் பறவைகள் வரத் தொடங்கும். அதுக்கு முதல் ஆறு பேரைத் தேடுங்க. உம்மாட நகை அலுமாரியிலேயே இருக்கட்டும்.