சூதும் யுக்தியும் ஒன்றல்ல

நாமக்கல் ஜில்லாவிலுள்ள பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகும் கடுகும் சீரகமும் வாங்க வரும் ஜனங்களின் கண்ணெதிரே கிழக்கில் ஓங்கி நிற்கும் கொல்லிமலை, நற்றிணையும் குறுந்தொகையும் பாடிய கொல்லிப்பாவையின் ஸ்தானமாகும். தெய்வம் சமைத்ததாகப் புலவர்கள் போற்றிய அப்பாவையை, நகைத்து மயக்கிக் கொல்லும் யந்திரமாகவே பிற்கால ஐதிகம் வருணிக்கிறது. ஆகவே, போர்புரியும் யந்திர உருவங்களைக் கணினித் திரையில் காணும் இவ்வட்டாரத்துச் சிறுவனுக்கு அக்கற்பனை அந்நியமானதன்று.

1995ஆம் ஆண்டு ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் வெளியிட்ட ‘ஃப்ரண்ட் மிஷன்’ என்னும் யந்திரப் போர் விளையாட்டை உதாரணமாகக் கொள்வோம். அதில் ஒவ்வொரு யந்திரத்துக்கும் உடல், இரு கைகள், கால்கள் என்று அங்கங்களைத் தனித்தனியே தேர்ந்து பூட்டவேண்டும். கனத்த ஆயுதத்தை ஏற்றினால் உடற்பகுதியின் சக்தி அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று கணக்கிடவேண்டும். களத்தில் கால் சிதைந்தால் நடை தளரும், கை சிதைந்தால் அது ஏந்திய ஆயுதம் பயனற்றுப் போகும், உடலே சிதைந்தால் யந்திரம் ஒழிந்தது. நம் ஆடுபுலி ஆட்டத்தைப் போலவே இங்கும் முறை வைத்து ஆடுவதால், விரலின் வேகத்துக்கு மதிப்பில்லை. எதிரியின் அடுத்த நகர்வை நிதானமாக ஊகிக்கும் புத்திக்கே மதிப்பு. குண்டு எந்த அங்கத்தில் படும் என்பதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு என்பது மெய்யே. ஆயினும் அங்கே மெய்யான பணத்தைப் பணயம் வைப்பார் எவருமில்லை.

நாமக்கல்லில் வெறும் சேஸிஸாக வந்து நிற்கும் லாரிக்குச் சுமைக்கும் பாதைக்கும் தக்கபடி பாடி கட்டுவோரும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளை அமைப்போரும் அனுதினமும் செய்யும் ஆலோசனையும், எந்த அங்கம் எந்தப் பாரத்தைத் தாங்கும் என்னும் இக்கணக்கே அல்லவா? அத்தகைய ஜில்லாவில், செல்போனில் ஆடுவதெல்லாம் சூதாட்டமே என்று பெரியோர்கள் ஒரே தீர்ப்பாகக் கூறிவிடுவது எனக்குப் பெரிதும் வருத்தம் அளிக்கிறது. ஆன்லைன் ரம்மியால் குடும்பங்கள் அழிந்ததைக் கண்டவர்களின் அச்சம் நியாயமானது. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்க வந்த 2022ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் அவசியமாயிருந்தது என்பதே என் அபிப்பிராயம். ஆனால் 2025இல் பாராளுமன்றம் இயற்றிய சட்டமும், பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்துவிட்டு, ஏனைய விளையாட்டுகளை ஊக்குவிக்கவே இடமளித்திருக்கிறது. சட்டம் பகுத்துக் காணும் பேதத்தைப் பெற்றோரும் காணவேண்டாமா?

விளையாடும் நேரத்துக்கு வரம்பு இருக்கட்டும். அதில் எனக்கு ஆட்சேபமில்லை. அந்த வரம்புக்குள், பிள்ளை எதை ஆடுகிறான், ஏன் அந்தக் கையை அந்த உடலில் பூட்டினான் என்று அருகில் அமர்ந்து கேளுங்கள். அரசுப் பள்ளிகளின் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களில் பணிபுரியும் ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: கொல்லிப்பாவையையே நாயகியாகக் கொண்டு இத்தகைய விளையாட்டொன்றைத் தாங்களே ஆக்கிப் பார்க்கும்படி உங்கள் மாணவர்களைத் தூண்டுங்கள்.