கண் விழிக்கும் ராயபுரம்: தூக்கம் குறைந்தால் உடம்பு என்ன ஆகும்?

ஒரு நாளைக்கு 24 மணி நேரம். அதை மூன்று பங்காகப் பிரித்தால், ஒரு பங்கு 8 மணி நேரம். அந்த ஒரு பங்கை மனிதன் தூங்கிக் கழிக்கிறான். 60 வயது வரை வாழ்கிறவன், ஏறக்குறைய 20 ஆண்டுகளைத் தூக்கத்திலேயே கழித்து விடுகிறான்!

"அடேயப்பா! இருபது ஆண்டுகள் வீணா?" என்று கேட்கத் தோன்றும். வீண் இல்லை. அந்த 20 ஆண்டும் தூங்கினால்தான், மீதி 40 ஆண்டும் உழைக்க முடியும்.

தூக்கம் நல்லது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தூங்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். வட சென்னையில் அப்படிப்பட்டவர்கள் ஏராளம்.

இரவில் உழைக்கும் ஊர்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரெயில், 1856-ம் ஆண்டு ராயபுரத்தில் இருந்துதான் புறப்பட்டது. வாலாஜா ரோடு வரை ஓடியது. பிறகு பக்கத்திலேயே துறைமுகம் வளர்ந்தது. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் தொழிற்சாலைகள் வந்தன. மணலியில் பெட்ரோல் சுத்திகரிக்கும் ஆலை வந்தது.

கப்பலுக்கு இரவும் இல்லை, பகலும் இல்லை. வந்த நேரத்தில் சரக்கை இறக்க வேண்டும். சுத்திகரிப்பு ஆலையை மாலையில் அணைத்துவிட்டுக் காலையில் பற்ற வைக்க முடியாது. ஆகவே, மூன்று ஷிப்டு வேலை.

காசிமேட்டில் விடியும் முன்பே மீன் ஏலம் தொடங்கிவிடுகிறது. மீன் விற்கும் பெண்கள், கூடையோடு இருட்டிலேயே வந்து நிற்கிறார்கள். விசைப்படகில் போகிறவர்கள், வலை போடுவதற்கும் வலை இழுப்பதற்கும் நடுவே கிடைக்கும் நேரத்தில் கண்ணயர வேண்டும்.

துறைமுகத்துக்கு வரும் கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கும்போது, டிரைவர் படுத்துத் தூங்க முடியாது. முன்னால் நிற்கும் லாரி பத்து அடி நகர்ந்தால், இவரும் நகர்த்த வேண்டும்.

இவர்கள் விழித்திருப்பதால்தான் நம் வீட்டுக்கு மீன் வருகிறது, பெட்ரோல் வருகிறது, கடைக்குச் சரக்கு வருகிறது. அதற்கு இவர்களுடைய உடம்பு கொடுக்கும் விலை என்ன?

தூங்கும்போது நடக்கும் வேலை

நாம் தூங்கும்போது உடம்பு சும்மா இருப்பதில்லை. இரவில் கடையை மூடிவிட்டு உள்ளே கணக்கு எழுதுவார்கள் அல்லவா? அது போல, கண்ணை மூடிய பிறகு உடம்பு தன் வேலையைப் பார்க்கிறது.

இரத்த அழுத்தம், பகலில் இருப்பதைவிட 100-க்கு 10 முதல் 20 பங்கு வரை குறைகிறது. இருதயத்துக்கு ஓய்வு கிடைக்கிறது. குழந்தைகளை வளரச் செய்யும் சுரப்பு, ஆழ்ந்த தூக்கத்தில்தான் அதிகம் ஊறுகிறது. பகலில் படித்த பாடம் மூளையில் பதிகிறது.

இதற்கெல்லாம் நேரம் குறித்துக் கொடுக்க, உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது! அது எப்படி ஓடுகிறது என்பதைக் கண்டுபிடித்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு, 2017-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. ஹால், ரோஸ்பாஷ், யங் என்பது அவர்கள் பெயர்.

அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது சூரிய வெளிச்சம். இருட்டினால் "தூங்கு" என்கிறது. விடிந்தால் "எழுந்திரு" என்கிறது. இரவு ஷிப்டு முடிந்து, காலை வெயிலில் வீடு திரும்பும் தொழிலாளிக்குத் தூக்கம் வராமல் புரள்வது இதனால்தான். அவர் படுக்கப் போகும் நேரத்தில், உள்ளே இருக்கும் கடிகாரம் அவரை எழுப்பிக் கொண்டிருக்கிறது.

11 நாள் தூங்காத பையன்

1964-ம் ஆண்டு. அமெரிக்காவில் ராண்டி கார்ட்னர் என்ற 17 வயது மாணவன், எத்தனை நாள் தூங்காமல் இருக்க முடியும் என்று சோதித்துப் பார்த்தான். 264 மணி நேரம், அதாவது 11 நாட்கள் விழித்திருந்தான்!

நாள் ஆக ஆக ஞாபகம் குழம்பியது. எரிச்சல் வந்தது. இல்லாத ஒன்று இருப்பது போலத் தோன்றியது. இப்படிப்பட்ட முயற்சி உடம்புக்கு ஆபத்து என்று, சாதனைகளைப் பதிவு செய்யும் கின்னஸ் நிறுவனம் பிற்காலத்தில் இந்தப் போட்டியையே நிறுத்திவிட்டது.

11 நாள் விழிப்பவர்கள் அபூர்வம். ஆனால் தினமும் இரண்டு மணி, மூன்று மணி என்று தூக்கத்தை இழப்பவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அதனால் என்ன கெடுதல்?

சர்க்கரையும் சளியும்

1999-ம் ஆண்டு சிகாகோவில், உடல் நலமுள்ள 11 வாலிபர்களை ஆறு இரவுகள் நாலு மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டார்கள். ஆறே நாளில், சர்க்கரையைச் சமாளிக்கும் சக்தி அவர்கள் உடம்பில் குறைந்துவிட்டது! நீரிழிவு நோய் தொடங்கும்போது காணும் மாறுதல் அது.

தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு கூடும். போதும் என்று சொல்லும் சுரப்பு குறையும். இரவில் விழித்திருப்பவர்கள் வடை, பஜ்ஜி, இனிப்பான டீ என்று தேடுவது இதனால்தான்.

2009-ம் ஆண்டு இன்னொரு சோதனை. 153 பேருடைய மூக்கில் சளிக் கிருமியை விட்டுப் பார்த்தார்கள். 7 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, 8 மணி நேரம் தூங்கியவர்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு சளி பிடித்தது.

இரவு ஷிப்டிலேயே பல ஆண்டுகள் காலம் தள்ளுகிறவர்களைப் பற்றி மேலும் ஓர் எச்சரிக்கை உண்டு. இரவு வேலை, புற்று நோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்று நோய் ஆராய்ச்சிக் கழகம் 2007-ல் அறிவித்தது. 2019-ல் மறுபடியும் ஆராய்ந்து அதையே சொன்னது. இரவு வேலை செய்கிற எல்லோருக்கும் புற்று நோய் வரும் என்று இதற்குப் பொருள் அல்ல. கவனமாக இருக்க வேண்டும் என்பதே பொருள்.

குடிக்காமலே போதை!

17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருக்கும் ஒருவரின் கை, கண், கவனம் எல்லாம் எப்படி இருக்கும்? ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 1997-ல் சோதித்தார்கள். 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லி கிராம் சாராயம் கலந்தவர் எப்படித் தடுமாறுவாரோ, அப்படி இருந்தது!

நம் நாட்டுச் சட்டப்படி 30 மில்லி கிராமுக்கு மேல் இருந்தாலே வண்டி ஓட்டக் கூடாது. குடித்த டிரைவரைப் போலீசார் ஊதச் சொல்லிக் கண்டுபிடிக்கலாம். தூங்காத டிரைவரை அப்படி ஊதச் சொல்லிக் கண்டுபிடிக்க முடியாது.

கடலிலும் இதே ஆபத்துதான். 1989 மார்ச் 24-ந் தேதி நள்ளிரவுக்குப் பின், அலாஸ்கா அருகே "எக்ஸான் வால்டீஸ்" என்ற எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதியது. 4 கோடி லிட்டருக்கு மேல் எண்ணெய் கடலில் கொட்டியது. கப்பலைத் திருப்ப வேண்டிய அதிகாரி களைத்துப் போயிருந்தார், அவருக்கு வேலைப் பளு அதிகம் என்பதையும் ஒரு காரணமாக அமெரிக்க விசாரணைக் குழு கண்டது.

எண்ணெய் கொட்டினால் மீனவர் பிழைப்பு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். 2017 ஜனவரி 28-ந் தேதி எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது, கரையில் ஒதுங்கிய எண்ணெயை வாளியால் அள்ளினார்களே! அந்த மோதலுக்குத் தூக்கம்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஒருவர் கண் அசந்தால், ஊரே கஷ்டப்பட நேரும் என்பதற்காகச் சொல்கிறோம்.

"பழகிப் போச்சு!"

"எனக்கு அஞ்சு மணி நேரம் போதும். பழகிப் போச்சு" என்று சொல்பவர்கள் பலர். உண்மையில் பழகுமா?

2003-ம் ஆண்டு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 48 பேரை வைத்துச் சோதித்தார்கள். சிலரை இரண்டு வாரம் தினமும் 6 மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள். கடைசியில், இரவெல்லாம் அடியோடு தூங்காதவரைப் போல அவர்கள் தடுமாறினார்கள். ஆனால், தாங்கள் தடுமாறுவது அவர்களுக்கே தெரியவில்லை!

பழகிப் போவது உடம்பு அல்ல. களைப்பு தெரியாமல் போகிறது, அவ்வளவுதான்.

12 மணி நேரச் சட்டம்

இங்கே ஒரு கேள்வி. தூங்காதது தொழிலாளியின் குற்றமா? அவருக்குத் தூங்க நேரம் இருக்கிறதா?

1911-ம் ஆண்டுச் சட்டப்படி, பஞ்சாலையில் ஆண்களுக்கு நாளுக்கு 12 மணி நேர வேலை. 1922-ல் அது 11 மணி ஆயிற்று. 1934-ல் 10 மணி. சுதந்திரத்துக்குப் பின் 1948-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம், நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. ஒவ்வொரு மணி நேரத்தையும் குறைக்கத் தொழிலாளர்கள் போராட வேண்டியிருந்தது. 1923-ல் இந்தியாவின் முதல் மே தினத்தைச் சென்னைக் கடற்கரையில் கொண்டாடியவர், மீனவர் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர்.

நூறு ஆண்டுகள் கழித்து, 12 மணி நேரம் மீண்டும் வந்தது! 2023 ஏப்ரல் 21-ந் தேதி, தமிழ்நாடு சட்டசபையில் ஒரு மசோதா நிறைவேறியது. தொழிற்சாலைகளுக்கு வேலை நேர வரம்பில் இருந்து விலக்கு அளிக்க அது வழி செய்தது. "வாரத்துக்கு 48 மணி மாறாது. 4 நாள் 12 மணி நேரம் உழைத்தால் 3 நாள் விடுமுறை" என்று அரசுத் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. 24-ந் தேதி மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று, அது வாபஸ் என்று முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார்.

மூன்று நாள் விடுமுறை நல்லதுதானே என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வேலை 12 மணி. திருவொற்றியூரில் இருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போய்வர 3 மணி என்று வைத்துக் கொள்வோம். ஆயிற்று 15. குளிக்க, சாப்பிட, கடைக்குப் போக, பிள்ளைகளைப் பார்க்க 3 மணி. ஆயிற்று 18. தூங்குவதற்கு மீதி 6 மணி. பெண்ணாக இருந்தால் சமையல், துணி துவைத்தல், தண்ணீர் பிடித்தல் என்று இன்னும் 2 மணி. மீதி 4 மணி! சிகாகோ வாலிபர்கள் ஆறு இரவுகள் தூங்கிய அதே 4 மணி!

விடுமுறையில் தூங்கி ஈடு கட்ட முடியுமா? முழுவதும் முடியாது. 2019-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தார் இதைச் சோதித்தார்கள். வார நாளில் தூக்கத்தைக் குறைத்து, சனி ஞாயிறில் இஷ்டம் போல் தூங்கியவர்களுக்கும் சர்க்கரையைச் சமாளிக்கும் சக்தி குறைந்தே இருந்தது.

வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட, பக்கவாத ஆபத்து 100-க்கு 35 பங்கு அதிகம். உலக சுகாதார ஸ்தாபனமும் உலகத் தொழிலாளர் ஸ்தாபனமும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட கணக்கு இது.

2025 நவம்பர் 21 முதல் நாட்டில் புதிய தொழிலாளர் சட்டங்கள் அமலுக்கு வந்துள்ளன. நாளுக்கு 8 மணி வேலை; ஓவர்டைம் பார்த்தால் இரட்டைச் சம்பளம் என்பது அவற்றில் உள்ளது. பெண்கள் சம்மதித்தால் இரவிலும் வேலை செய்யலாம். இரட்டைச் சம்பளம் கடன் அடைக்க உதவும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஓவர்டைம் நேரத்தை எங்கிருந்து எடுக்கிறோம்? பெரும்பாலும் தூக்கத்தில் இருந்துதான்.

என்ன செய்யலாம்?

பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரம். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம். பரீட்சைக்கு இரவெல்லாம் விழித்துப் படித்தால், படித்தது பதியாது.

இரவு ஷிப்டுக்காரர் இருக்கும் வீட்டில், பகல் 12 மணிதான் அவருக்கு நடுநிசி. ஜன்னலில் கனத்த துணியைத் தொங்க விடுங்கள். டெலிவிஷன் சத்தத்தைக் குறையுங்கள். "அப்பா தூங்குகிறார்" என்று பிள்ளைகளுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் சொல்லி வையுங்கள். இரவில் உங்களை யாராவது நாலு தடவை எழுப்பினால் எப்படி இருக்கும்? அவருக்கும் அப்படித்தான்.

மாலை 6 மணிக்குக் காபி குடித்தால், அதன் சாரத்தில் பாதி இரவு 11 மணிக்கும் உடம்பில் இருக்கும். படுக்கப் போகும் முன் காபி, டீ, பீடி வேண்டாம். மது தூக்கம் தருவது போலத் தோன்றும், பின்னிரவில் கலைத்துவிடும். செல்போனைத் தலைமாட்டில் வைக்காதீர்கள்.

கண் சொக்கினால் டிரைவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, 20 நிமிடம் தூங்க வேண்டும். டீயும் பாட்டும் தூக்கத்துக்கு ஈடாகாது.

பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறல், பகலெல்லாம் தூக்கம் இருந்தால் அது நோய். டாக்டரிடம் காட்டுங்கள். ராயபுரத்துக்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது.

முதலாளிகளுக்கும் வேலை உண்டு. ஒரு ஷிப்டு முடிந்து அடுத்த ஷிப்டுக்கு வருவதற்குள், தொழிலாளி வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கிவிட்டு வர நேரம் இருக்க வேண்டும். லாரிகள் காத்துக் கிடக்கும் இடத்தில், டிரைவர்கள் காலை நீட்டிப் படுக்க ஒரு கூடம் வேண்டும். இதற்கு ஆகும் செலவு, ஒரு விபத்தினால் ஆகும் நஷ்டத்தைவிடக் குறைவுதான்.

வேலை நேரம் கூடுமா, குறையுமா என்ற பேச்சு இனியும் வரும். அப்போது சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு, "தூங்க எத்தனை மணி மிஞ்சும்?" என்றும் கேளுங்கள். 7 மணிக்குக் குறைந்தால், அந்தக் கூலியில் ஒரு பகுதி பின்னால் மருந்துக் கடைக்குத்தான் போகும்.