உருவம் கெடாத வேகம்

பாலிகார்பனேட் தகட்டைச் சூடாக்கி அச்சில் படியவைத்து, உட்புறமாகவே வர்ணம் பூசப்பெறும் ரேடியோ கட்டுப்பாட்டு ஃபார்முலா கார்களின் மேலுடலை, எடை குறைக்கும் பொருட்டு மனம்போனபடி கத்தரிக்கத் தொடங்கினால், சக்கரங்கள் வெளியே திறந்து நிற்பதும் ஓட்டுநரின் தலைக்கவசம் நிமிர்ந்து தெரிவதுமாகிய அவ்வகையின் லட்சணமே அழிந்துபோகும். ஜப்பானின் டாமியா நிறுவனம் 1977-ல் வெளியிட்ட ஆறு சக்கர டிரெல் பி34 மாதிரியின் வசீகரம், அது அசல் பந்தயக் காரின் பிரதிபிம்பமாக விளங்கியதில் அன்றோ இருந்தது! பேட்டரிக்கு இடம் செய்யவும், உடல் சக்கரத்தில் உரசாதிருக்கவும் வெட்டுவதைப் பந்தய விதிகள் தாராளமாக அனுமதிக்கட்டும். ஆனால் முன்னிறகு, பின்னிறகு, தலைக்கவசம் ஆகிய மூன்றில் ஒன்று குறைந்தாலும், அக்கார் எத்துணை வேகமுடையதாயினும், பரிசோதனை மேசையிலேயே அதனைத் திருப்பி அனுப்பிவிட வேண்டுமென்பதே என் திடமான அபிப்பிராயம். இறகின் அகலத்தையும் உயரத்தையும் சரிபார்க்க, அளவாக வெட்டிய ஓர் அட்டைச் சட்டமே போதும்.