பரிவும் எதிர்ப்பரிவும்

இதயம் தானே துடிக்கும் இயல்புடையது. ஆயினும் அதன் வேகத்தை இருவகை நரம்புகள் ஆளுகின்றன. விரைவுபடுத்துவதற்குப் 'பரிவு நரம்பு' என்றும், தணிப்பதற்கு 'எதிர்ப்பரிவு நரம்பு' என்றும் நம் பாடநூல்கள் பெயர் சூட்டியுள்ளன. பெயரைக் கொண்டு பொருள் காண்போர் ஏமாறுவர். மாரடைப்பால் புண்பட்ட இதயத்தைச் சாட்டைகொண்டு விரட்டுவது பரிவே. தணித்துக் காப்பது எதிர்ப்பரிவு! கலைச்சொல்லாக்கத்தில் நேரும் இத்தகைய முரண் தமிழ் பயில்வோர்க்குச் சுவையளிக்கும். நோயாளிக்கோ இது உயிர்ச்சிக்கல்.

நலமுள்ள இதயம் கடிகாரம்போல் துடிப்பதில்லை. மூச்சை உள்ளிழுக்கையில் சற்றே விரைந்தும், வெளிவிடுகையில் தணிந்தும் துடிக்கும். மாரடைப்புக்குப் பின் இவ்வேறுபாடு மிகக் குன்றியவரிடையே இறப்பு மிகுதி என்பதை 808 நோயாளிகளை ஆராய்ந்து 1987-இல் அமெரிக்க அறிஞர்கள் வெளியிட்டனர். அங்ஙனமாயின், வேறுபாட்டை மருந்தால் கூட்டினால் போதுமே என எண்ணத் தோன்றும். ஸ்கோபோலமின் என்னும் மருந்தைச் சிற்றளவில் தந்து அதனைக் கூட்டியும் காட்டினர். எனினும், மாரடைப்புற்ற நாய்களிடத்துச் செய்து 1995-இல் வெளியிட்ட ஆய்வில் அம்மருந்து உயிர்போக்கும் துடிப்புக் குலைவைத் தடுக்கவில்லை. எண் உயர்ந்தது, காவல் உயரவில்லை.

நரம்பின்வழிச் செல்லாது இதயத் தசையின் மின்னோட்டத்தையே அடக்கிய மருந்துகளின் வரலாறு இதனினும் கொடிது. மாரடைப்புக்குப் பின் இடையிடையே தோன்றும் தவறிய துடிப்புகளை என்கெய்னைடு, பிளெக்கெய்னைடு ஆகியவை நன்கு அடக்கின. ஆனால் 'காஸ்ட்' எனப்பெற்ற ஆய்வின் 1991-ஆம் ஆண்டு முடிவுப்படி, மருந்துண்ட 755 பேரில் 63 பேர் மாண்டனர்; வெற்று மாத்திரை உண்ட 743 பேரில் மாண்டவர் 26 பேரே. வரைபடம் அழகாயிற்று, ஆள் மறைந்தார்!

இவற்றுக்கு மாறானது, பரிவு நரம்பின் ஏவலை இதயம் ஏற்காதவாறு தடுக்கும் புரோப்பிரனலால். ஜேம்ஸ் பிளாக் கண்டறிந்த அம்மருந்தை 3,837 பேரிடம் சோதித்ததில், இறப்பு 9.8 விழுக்காட்டிலிருந்து 7.2 ஆகக் குறைந்தமை 1982-இல் புலனாயிற்று. பிளாக் 1988-இல் நோபல் பரிசு பெற்றார்.

மருந்தை அது மாற்றும் அளவைக்கொண்டு மதிப்பிடாது, பிழைத்திருப்போரை எண்ணியே மதிப்பிடல் வேண்டும் என்பது நம் துணிபு. இவ்வளவுகோல் புகழ்பெற்ற மருந்துக்கும் பொருந்தும். அடைப்பை உடனுக்குடன் நீக்கும் இக்காலத்தில், இதயத்தின் இறைக்கும் ஆற்றல் குன்றாதவர்க்கு இவ்வகை மருந்தால் பயன் காணவில்லை என 2024-இல் சுவீடன் தலைமையில் 5,020 பேரிடம் நடந்த ஆய்வு அறிவித்தது. 2025-இல் வந்த ஆய்வுகள் தம்முள் மாறுபடுகின்றன. ஆற்றல் குன்றியவர்க்கு அதன் பயன் ஐயத்திற்கு இடமின்றி நிற்கிறது.

இச்செய்தியை அரைகுறையாய்க் கேட்டு, மாத்திரையைத் தாமே நிறுத்துவோர் உளர். தடுக்கப்பட்ட காலமெல்லாம் நரம்பின் ஏவலை ஏற்கும் வாயில்கள் இதயத்தில் பெருகியிருக்கும். ஒரே நாளில் தடை நீங்கினால், பரிவு முன்னிலும் வன்மையாய் அவ்வாயில்கள் வழியே புகும்.