ஊர்ச் சங்கங்களின் ஒன்றுகூடலும் மேடைக்கு வெளியே நிற்பவர்களும்

ஆடி, ஆவணி மாதங்கள் பிறந்துவிட்டால் ரொறன்ரோவின் பூங்காக்களில் சனி, ஞாயிறு தினங்களில் யாழ்ப்பாணத்து ஊர்ப்பெயர்கள் பதாகைகளாகத் தொங்கத் தொடங்கிவிடும். ஒரு மரத்தடியில் ஓர் ஊர். கூப்பிடு தூரத்தில் அயலூர். அங்கே தேசிக்காய் ஓட்டம், சாக்கோட்டம், சங்கீதக் கதிரை, கயிறிழுத்தல், முட்டியுடைத்தல் என்று வழமையான போட்டிகள் யாவும் நடைபெறும். இங்கே கொத்துரொட்டித் தகரத்தின் ஓசை கேட்கும். பெரிய கிடாரத்தில் ஒடியற்கூழ் கொதிக்கும். பிலாவிலை கிடையாத குறைக்குக் கடதாசிக் குவளையில் ஊற்றிக் குடிப்பார்கள். இலண்டனிலும், பாரிஸிலும், சுவிற்சர்லாந்திலும் இதே காட்சிதான். கொழும்பில் வாழும் ஊரவர்கள் போயா விடுமுறை தினத்தில் ஒரு மண்டபத்தில் கூடுவார்கள், அல்லது ஒரு பஸ்ஸை ஒழுங்கு செய்து கண்டி, நுவரெலியா என்று புறப்படுவார்கள்.

இந்த ஒன்றுகூடல்களை எள்ளி நகையாடுவது நம்மவரிற் சிலருக்கு, குறிப்பாக எழுதுபவர்களுக்கு, ஒரு பொழுதுபோக்கு. 'குண்டுச் சட்டிக்குள் குதிரை ஓட்டுகிறார்கள்' என்பார்கள். இதனை நான் ஏற்பதில்லை. ஏற்காமைக்குக் காரணம் உண்டு.

1990 ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை, வறுத்தலைவிளான் முதலான ஊர்கள் வரைபடத்தில் இருந்தனவே தவிர, அங்கே காலடி வைக்க ஊரவருக்கு அனுமதி இருக்கவில்லை. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஆம் ஆண்டிலேதான் மக்களிடம் மீளக் கையளிக்கப்பட்டது. இடையில் கழிந்தவை இருபத்தேழு ஆண்டுகள். ஒரு தலைமுறை முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் பிறந்து வளர்ந்து திருமணமும் செய்துகொண்டது. அந்தக் காலம் முழுவதும் அவ்வூர்கள் எங்கே இருந்தன? ஆண்டுக்கு ஒரு தடவை ஊரவர் கூடிய மண்டபங்களிலும், கனடாவிலோ இலண்டனிலோ ஒரு பூங்காவின் மரத்தடியிலும் இருந்தன. எந்த ஒழுங்கையில் யார் வீடு, எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர், எந்தக் கோயிலின் எத்தனையாம் திருவிழா எவருடையது என்பன வாய்மொழியாகக் காப்பாற்றப்பட்டன. காணிகள் விடுவிக்கப்பட்டபோது பற்றை மண்டிக் கிடந்த நிலத்தில் எல்லைக்கல்லைத் தேடியவர்களுக்கு அந்தப் பேச்சுக்கள் கைகொடுத்தன. அப்பகுதியில் ஒரு தொகுதிக் காணிகள் இன்னமும் விடுவிக்கப்படவில்லை என்பதையும் இவ்விடத்திற் சொல்லியாக வேண்டும்.

ஆகவே கூடுவது வீண் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கூடியபின் என்ன செய்கிறோம், யாரைக் கூட்டிக்கொள்கிறோம் என்பதில்தான் எனக்கு முறைப்பாடு உண்டு.

பத்திரிகை அலுவலகத்தில் பிரதேசச் செய்திகளைச் செம்மைப்படுத்தும் வேலை பல ஆண்டுகள் என் மேசைக்கு வந்தது. சங்கங்களின் ஒன்றுகூடற் செய்திகள் வாரந்தோறும் குவியும். அவற்றைப் படித்துப் பார்க்காமலே எழுதிவிடலாம் என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மங்கல விளக்கேற்றல், இறைவணக்கம், வரவேற்பு நடனம், தலைமையுரை, வாழ்த்துரைகள், பிரதம விருந்தினர் உரை, சிறப்பு விருந்தினர் உரை, கௌரவ விருந்தினர் உரை, பொன்னாடை, நினைவுச் சின்னம், நன்றியுரை. மேடையில் இருந்த பதினைந்து பேரின் பெயர்களும் பட்டங்களோடு வந்துசேரும். ஒரு பெயர் விடுபட்டுவிட்டால் மறுநாட் காலை தொலைபேசி அலறும். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து கூழுக்கு மீன் வெட்டியவர் யார், கதிரை அடுக்கியவர் யார், நடக்க முடியாத முதியவரைத் தன் வானில் ஏற்றிவந்து திரும்பக் கொண்டுபோய் விட்டவர் யார் என்ற விபரங்கள் எந்தச் செய்தியிலும் வந்ததில்லை. நாங்களும் கேட்டதில்லை.

இந்த மேடைப் பண்பாடு கடல் கடந்தும் சென்றிருக்கிறது. பூங்காவில் நடைபெறும் ஒன்றுகூடலிற்கூட ஒலிவாங்கி வந்துவிடுகிறது. பிற்பகல் இரண்டு மணி வெயிலில் உரை தொடங்குகிறது. பிள்ளைகள் ஒரு பக்கம் கைத்தொலைபேசியோடு ஒதுங்க, முதியவர்கள் மரியாதைக்காகத் தலையாட்ட, நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர் சந்தித்த இரு சிநேகிதிகள் குரலைத் தாழ்த்திப் பேச வேண்டியிருக்கிறது. கூட்டத்திற்கு வந்ததே அந்தப் பேச்சுக்காகத்தான் என்பதை ஏற்பாட்டாளர்கள் மறந்துவிடுகிறார்கள்.

மேடையில்லாமலும் கூட முடியும் என்பதற்கு நம்மிடையே முன்மாதிரி இருக்கிறது. 1988 ஆம் ஆண்டில் ஜேர்மனியில் புலம்பெயர்ந்த எழுத்தாளர்களும் வாசகர்களும் தொடங்கிய இலக்கியச் சந்திப்பு, நிரந்தரத் தலைவரோ நிர்வாகமோ இல்லாமல் ஊர் ஊராக, நாடு நாடாக நடந்து, 2013 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலும் கூடியது. அங்கும் சச்சரவுகளுக்குக் குறைவிருக்கவில்லை. ஆயினும் பொன்னாடைக்காக எவரும் அங்கே போனதில்லை. இன்னொரு வகையில், 1904 ஆம் ஆண்டு முதல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையில் நடந்துவரும் 'வடக்கின் பெருஞ்சமர்' துடுப்பாட்டப் போட்டியையும் சொல்லலாம். அதனைக் கண்டுகளிக்கவென்றே விடுமுறை எடுத்துக்கொண்டு வெளிநாடுகளிலிருந்து வருபவர்கள் இருக்கிறார்கள். ஆட்டம் நடுவில் நடக்க, பழைய மாணவர்கள் மைதானத்தைச் சுற்றி நின்று மூன்று நாட்களும் கதைத்து முடிப்பார்கள். அங்கே வரவேற்புரை எதுவுமில்லை.

இனி, யாரைக் கூட்டிக்கொள்கிறோம் என்ற கேள்விக்கு வருவோம். இதனை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும் என்பது எனக்குத் தெரியும்.

ஓர் ஊருக்கு ஒரே நகரில் இரண்டு சங்கங்கள் இருப்பதைக் காண்கிறோம். காரணம் கேட்டால் கணக்கு வழக்கு என்பார்கள், நிர்வாகத் தெரிவு என்பார்கள். சில இடங்களில் அது உண்மை. வேறு சில இடங்களிலோ, ஊரில் எந்தக் குறிச்சியார் எந்தக் கோயில் வீதிக்கு வெளியே நின்றார்களோ, அதே குறிச்சியார்தான் இங்கே இரண்டாவது சங்கம் அமைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அழைப்பிதழ் போகவில்லை என்று எவரும் சொல்லமாட்டார்கள். முகநூலில் பொது அறிவித்தல் போட்டோமே என்பார்கள். பொது அறிவித்தலுக்கும் வீட்டுக்குப் போய் 'அண்ணை, நீங்களும் அக்காவும் கட்டாயம் வரவேணும்' என்று அழைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறியாதவர்களல்லர் நம்மவர். கலியாண வீட்டுக்கு எவரும் பொது அறிவித்தலைக் கண்டு போவதில்லை.

அடுத்தது இதைவிடப் பாரதூரமானது. 1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடமாகாணத்திலிருந்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குச் சில மணி நேர அவகாசமே வழங்கப்பட்டது. அவர்களிற் பெரும்பாலானோர் புத்தளத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பல்லாண்டு காலம் வாழ்ந்தார்கள், இன்னும் வாழ்கிறார்கள். ஒஸ்மானியாக் கல்லூரியில் படித்தவர்களும், சோனகத் தெருவில் கடை வைத்திருந்தவர்களும் யாழ்ப்பாணத்தவர்களே. அவர்கள் பேசுவதும் நமது தமிழே. எனினும் யாழ்ப்பாணத்து ஊர்ச் சங்கங்களின் ஒன்றுகூடலுக்கு ஊரின் பழைய முஸ்லிம் குடும்பங்களை அழைத்ததாக நான் அறிந்தது மிகக் குறைவு. அவர்களும் தமக்குள்ளே கூடுகிறார்கள், தம் ஊரைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒரே ஊரைப் பற்றிய இரு நினைவுகள் இரு மண்டபங்களில் தனித்தனியே பேசப்படுகின்றன. வலிகாமம் வடக்கு மக்கள் தம் ஊரை இழந்திருந்த வலியை நாம் விளங்கிக்கொள்கிறோம். அதே 1990 இல் தம் ஊரை இழந்தவர்களின் வலியை விளங்கிக்கொள்வதற்கு நமக்கு ஏன் இத்தனை தயக்கம்? ஊரில் ஒரு தையற்கடையோ இரும்புக்கடையோ வைத்திருந்த அந்தக் குடும்பத்தின் தொலைபேசி இலக்கத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது நம் சங்கச் செயலாளர்களுக்கு முடியாத காரியமன்று.

மூன்றாவது தரப்பினர் ஊரிலேயே இருப்பவர்கள். சங்கங்களின் ஒன்றுகூடலில் நிதி சேர்க்கப்படும். அந்த நிதி பெரும்பாலும் கோயிற் கோபுரத்துக்கோ, மதிலுக்கோ, பாடசாலை மண்டபத்துக்கோ போய்ச் சேரும். திறப்புவிழாக் கல்வெட்டில் பெயர்கள் இருக்கும். அந்தக் கோபுரத்தின் நிழலில், ஆறு அறை வீட்டின் ஓர் அறையில் மாத்திரம் விளக்கெரிய, எழுபத்தைந்து வயதுத் தாயொருத்தி தனித்திருப்பாள். பிள்ளைகள் நால்வரும் நான்கு நாடுகளில். பணத்துக்குக் குறைவில்லை. காலையிலும் மாலையிலும் காணொளி அழைப்பு வரும். ஆனால் மாதக்கணக்கில் அவள் போகும் இடங்கள் இரண்டே இரண்டு: கோயிலும் ஆஸ்பத்திரியும்.

முன்னர் இவ்வூர்களில் கூடுவதற்கென்றே இடங்கள் இருந்தன. ஒவ்வோர் ஊரிலும் வாசிகசாலையும் சனசமூக நிலையமும் இருந்தன. மாலையானால் பத்திரிகை வாசிக்கவும், வானொலி கேட்கவும், கரம் விளையாடவும், கரப்பந்தாட்டம் பார்க்கவும் ஆட்கள் வருவார்கள். (பெண்கள் அங்கே அதிகம் வருவதில்லை என்பதையும் மறைக்கத் தேவையில்லை. அவர்களுக்குக் கோயில் வீதியும் கிணற்றடியுமே விடப்பட்டிருந்தன.) போரும் இடப்பெயர்வும் அந்தப் பழக்கத்தை உடைத்தன. எஞ்சியதைக் கைத்தொலைபேசி எடுத்துக்கொண்டது. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் பத்திரிகைத் தாளுக்குத் தட்டுப்பாடு வந்து பத்திரிகைகளின் விலை ஏறியபின், வாசிகசாலை மேசைகளிற் கிடந்த பத்திரிகைகளின் எண்ணிக்கையும் குறைந்தது. பத்திரிகைக்காரன் என்ற முறையில் அது எனக்குக் கூடுதலாக உறுத்துகிறது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

அதேபோல் ஊரோடு சேர்ந்து பயணம் போகும் வழக்கமும் இருந்தது. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கிழக்குக் கரை வழியே, குமண, யால காடுகளை ஊடறுத்துச் செல்லும் பாதயாத்திரையைச் சொல்லவேண்டியதில்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஊரே புறப்படும். ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்குப் போகும் கூட்டத்தில் சைவர்களும் இருப்பார்கள், சிங்களக் கத்தோலிக்கர்களும் வந்து சேர்வார்கள். மரநிழலிற் சமைத்து, பக்கத்துக் கூடாரத்துக்கும் ஒரு கோப்பை கறி கொடுத்து, பாயிற் படுத்துத் திரும்பி வந்தவர்கள் ஒரு வருடத்துக்கு அந்தக் கதையைச் சொல்வார்கள். பக்தி இருந்தது. அதனோடு வீட்டுக்கு வெளியே நாலு பேரோடு இருந்துவிட்டு வரும் ஆசையும் இருந்தது. குறிப்பாகப் பெண்களுக்கு ஊரை விட்டு வெளியே போக மதிப்பான ஒரே வழி அதுவாகவே இருந்தது.

ஆகவே சங்கங்களிடம் நான் வைக்கும் கோரிக்கை மிகச் சிறியது. அடுத்த ஆண்டு சேரும் நிதியில் ஒரு பகுதியை, ஊரில் இருக்கும் முதியவர்களுக்கான பயணங்களுக்கு ஒதுக்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, ஐம்பது ஆசனங்கள் கொண்ட ஒரு பஸ். கீரிமலைக் கேணிக்கும் நகுலேஸ்வரத்துக்கும் ஒரு தடவை. மடுவுக்கு ஒரு தடவை. காரைநகர் கசூரினா கடற்கரைக்கு ஒரு தடவை. வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியே திருகோணமலைக்கு, ஓர் இரவு தங்கலோடு ஒரு தடவை. கோபுரத்தின் ஒரு தளத்துக்கு ஆகும் செலவில் இப்படிப் பல ஆண்டுகளுக்குப் பஸ் விடலாம். கல்வெட்டு வைக்க முடியாது என்பது மட்டுமே இதிலுள்ள குறை.

ஆனால் இதைச் சங்கத்தின் உள்ளூர்க் கிளை என்று ஒன்றை அமைத்து அதன் தலைவரிடம் ஒப்படைத்தால், முதற் பயணத்திலேயே முன் ஆசனம் யாருக்கு என்ற சண்டை வரும். சனசமூக நிலையத்து இளைஞர்களிடமும் மாதர் சங்கத்தாரிடமும் கொடுங்கள். ஆட்களைத் தெரிவு செய்யும்போது எல்லாக் குறிச்சிகளிலிருந்தும் வீடு வீடாகப் போய் அழைக்கச் சொல்லுங்கள். பேரப்பிள்ளை வயதுப் பாடசாலை மாணவர்கள் பத்துப் பேரையாவது அதே பஸ்ஸில் ஏற்றுங்கள். தாங்கள் போகும் வழியில் எந்தச் சந்தியில் என்ன இருந்தது என்று முதியவர்கள் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டு வரட்டும். பிள்ளைகள் கேட்பார்களா என்ற ஐயம் வேண்டாம். பஸ்ஸில் ஒலிபெருக்கியை நிறுத்திவைத்தாற் கேட்பார்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் குடும்பங்களும், தனி வான் பிடித்து நல்லூருக்கும் நயினாதீவுக்கும் ஓடித் திரும்பாமல், ஒரு நாள் இந்தப் பஸ்ஸில் வரலாம். கனடாவிற் பிறந்த பிள்ளைக்குத் தமிழ் சரளமாக வராவிட்டாலும், பக்கத்தில் இருக்கும் ஆச்சி கொடுக்கும் பனங்காய்ப் பணியாரத்தை வாங்கிச் சாப்பிட மொழி தேவைப்படாது.

நயினாதீவுப் பயணத்தைப் பற்றி மாத்திரம் ஓர் எச்சரிக்கை. சோளகக் காற்று வீசும் மாதங்களில் முதியவர்களைக் கடலிற் கொண்டுபோக வேண்டாம். கடல் அடங்கியிருக்கும் மாசி, பங்குனி உகந்த காலம். குறிகட்டுவான் இறங்குதுறையில் படகிலேற்றவும் இறக்கவும் கைகொடுப்பதற்கு நாலு இளைஞர்களாவது உடன் செல்லவேண்டும். மருந்துப் பெட்டி, குடிதண்ணீர், இரண்டு மடிப்புக் கதிரைகள். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் அக்கரை சேர்ந்துவிடலாம்.